முதல் பிழை எங்கே?

பெர்ல் மொழிக்கான கூறு ஒன்றைக் கையாலேயே கட்டுவதில் தனி ருசி உண்டு. கட்டளைகள் நான்குதான்: மேக்ஃபைலை உருவாக்குவது, மேக், மேக் டெஸ்ட், மேக் இன்ஸ்டால். பெரும்பாலான கூறுகள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். அவற்றில் சுவாரசியம் இல்லை.

எக்ஸ்எம்எல் பார்சர் போன்றவற்றில்தான் ஆட்டமே. அதன் ஒரு பகுதி சி மொழியில் எழுதப்பட்டது; எக்ஸ்பாட் என்ற நூலகத்தை நம்பியிருக்கிறது. எக்ஸ்பாட் கணினியில் இருந்தும், ‘இல்லை’ என்று கட்டுமானம் நின்றுபோகும். நிரல் ஓடுவதற்கான நூலகம் வேறு, கட்டுவதற்கான தலைப்புக் கோப்புகள் வேறு. உபுண்டுவில் பின்னவை ‘டெவ்’ என்று பெயர் முடியும் தனிப் பொதியில் வருகின்றன. அதை நிறுவினால் போதும்.

எல்லாக் கூறும் இவ்வளவு மரியாதையாகக் குறையைச் சொல்லாது. சில, திரை நிறையப் பிழைகளைக் கொட்டும். புதியவர் கடைசி வரியைப் படிப்பார். அங்கே ‘எரர் 1’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. கை தேர்ந்தவர் மேலே, மேலே போய் முதல் பிழையைப் பிடிப்பார். மற்றவை பெரும்பாலும் அது பெற்ற பிள்ளைகள். அந்தப் பொறுமையைப் பார்ப்பதே அழகு!

பிழையைச் சரிசெய்த பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் மறுபடி கட்டும். நீங்கள் புதிதாக நிறுவிய நூலகம் அதன் கணக்கில் வராமல் போகலாம். எனவே மேக் க்ளீன் கொடுத்துவிட்டு, முதல் கட்டளையிலிருந்தே தொடங்குங்கள். அவசரத்தில் மேக் டெஸ்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.