சுரண்டாமல் அடிக்கும் பெயின்ட்

பொங்கல் நெருங்கினால் வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் புதுப் பெயின்ட் அடிப்பது நம் வீடுகளில் பழகிப்போன காரியம். துரு தெரியும் இடத்தில் உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். இந்த வழக்கத்தில் நல்லதும் உண்டு. செலவு குறைவு, பொருள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரம் என்பதால் காலமும் பொருத்தம். (மார்கழிப் பனியில் விடியற்காலைக் கம்பி நனைந்திருக்கும், வெயில் ஏறிய பிறகே பிரஷ்ஷை எடுக்க வேண்டும்.) வருடத்துக்கு ஒரு முறையாவது யாரோ ஒருவர் அந்த இரும்பைக் கிட்டே போய்ப் பார்க்கிறாரே, அதுவே பெரிய லாபம்.

கோளாறு அடியில் இருக்கிறது. பெயின்ட் படலம் தண்ணீரை முழுவதுமாக நிறுத்துவதில்லை. ஈரமும் ஆக்சிஜனும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். அடியில் பழைய துருவும் உப்பும் இருந்துவிட்டால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துருவோ, தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். படலம் உப்புகிறது, வெடிக்கிறது. கடலோர ஊர்களில் புதுப் பெயின்ட் ஒரு வருடம்கூடத் தாங்காமல் கொப்புளிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழி மட்டும் பெயின்ட் கம்பெனிக்குப் போகிறது. அங்கெல்லாம் சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுவது இன்னொரு கோட் எனாமலைவிடப் பயன் தரும்.

ரெட் ஆக்சைடின் மேல் நமக்குள்ள நம்பிக்கையும் கொஞ்சம் அதிகப்படி. அதிலுள்ள செந்நிறப் பொடி இரும்பு ஆக்சைடுதான். அது மறைப்பாக நிற்குமே தவிர, துருவை எதிர்க்காது. எதிர்க்கும் வேலை அதனுடன் சேர்க்கப்படும் ஜிங்க் பாஸ்பேட் அல்லது ஜிங்க் குரோமேட்டுடையது. குரோமேட் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பதால் பாஸ்பேட் கலந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

துருவைச் சுரண்டாமலே சரிசெய்யும் என்று விற்கும் திரவங்கள் முழுப் பொய்யல்ல. சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். கடுக்காய்த் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பு மையாவதுபோல, அது துருவைக் கருநீலச் சேர்மமாக மாற்றிவிடும். ஆனால் இறுகப் பிடித்த மெல்லிய துருவில்தான் இந்த வித்தை பலிக்கும். செதில் செதிலாக உதிரும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் 1890-இல் திறந்தது முதல் ஓயாமல் பெயின்ட் அடிக்கப்படுவதாகச் சொல்லப்பட்டே பேர்போனது. 2002 முதல் 2011 வரை பழைய அடுக்குகளை வெறும் இரும்பு தெரியும்வரை அகற்றி, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி பூசினார்கள். அது குறைந்தது 25 ஆண்டு தாங்கும் என்பது கணிப்பு. வீட்டு கேட்டுக்கு அப்படி மணல் வீசிச் சுத்தம் செய்ய நம்மால் முடியாதுதான். கம்பி பிரஷ், சுரண்டி, உப்புத்தாள் மூன்றையும் பொறுமையாகப் போட்டாலும் குழிகளுக்குள் துரு மிஞ்சும். அதனால் நம் பூச்சுக்கு ஆயுள் குறைவு, அவ்வப்போது பார்த்துத் திருத்த வேண்டியதுதான். அதற்காக முழு கேட்டுக்கும் அடிக்க வேண்டியதில்லை. பெயின்ட் மெலிந்து போகும் கூர் விளிம்பு, வெல்டிங் மூட்டு, கம்பி தரையில் இறங்கும் இடம், தண்ணீர் தேங்கும் அடிக்குழாய் ஆகியவற்றில்தான் துரு தொடங்கும். அங்கே மட்டும் சிறிதாக இருக்கும்போதே சுரண்டிப் பூசினால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டும்போது முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பெயின்டர்களை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று நாம் கூலி பேசும்போது சுரண்டலுக்கு அதில் பங்கே இருப்பதில்லை. அடுத்த முறை அந்தக் கூலியைத் தனியாகப் பேசுங்கள். பிரைமர் டப்பாவைத் திறப்பதற்கு முன் நீங்களே ஒரு தடவை கம்பியைத் தடவிப் பாருங்கள். கையில் செம்பொடி ஒட்டினால் வேலை இன்னும் முடியவில்லை.