படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு: எச்.ஐ.வி. பற்றிய நம் பேச்சு குறித்து ஒரு திறனாய்வு

தமிழ் இலக்கணம் பேச்சில் மூன்று இடங்களைக் காட்டுகின்றது. பேசுகின்றவர் தன்மை, கேட்கின்றவர் முன்னிலை, பேசப்படுகின்றவர் படர்க்கை. படர்க்கையில் நிற்பவரைப் பற்றி எவ்வளவும் பேசலாம். அவர் மறுமொழி கூற இடமில்லை. முன்னிலையில் நிற்பவரோ மறுமொழி கூறுவார். அம்மறுமொழி நம் திட்டங்களைக் கலைத்துவிடவும் கூடும். ஆகவேதான் துன்புறுவோரைப் படர்க்கையிலேயே நிறுத்திவைப்பது பேசுவோர்க்கு வசதியாயிருக்கின்றது.

எச்.ஐ.வி.யோடு வாழும் மக்களைக் குறித்து நம்மிடையே எழுந்துள்ள பேச்சுகளுள் சுவர் விளம்பரம், சட்டம், அருளுரை ஆகிய மூன்றையும் இவ்விலக்கணக் கண்ணோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிகிச்சை பற்றிய முடிவில் நோயுற்றவருக்குப் பங்கு உண்டா, அவருடைய வாழ்வுக்கு ஏற்பச் சிகிச்சை அமைய வேண்டுமா என்னும் வினாக்கள் மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல. ஆயர்களாகிய நாமும் அவற்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம் என்பதே யாம் நிறுவ விரும்புவது.

1. சுவரில் எழுதிய வினா

இந்நோய்த் தொற்று இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது நம் சென்னையிலேதான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதி மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அரசு விழிப்படைய அச்சோதனை வழிகோலிற்று. மருத்துவர்களின் துணிவை வரலாறு போற்றுகின்றது, போற்றுதல் தகும். ஆயினும் அவ்வரலாற்றில் அப்பெண்களின் குரல் நம் செவியில் விழுவதில்லை. தொடக்கத்திலேயே அவர்கள் படர்க்கையில் நிறுத்தப்பட்டுவிட்டனர்.

2003ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டின் சுவர்களிலும் பலகைகளிலும் ஒரு வினா தோன்றிற்று: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் அது பேசுபொருளாயிற்று. வெளிப்படையாகப் பேச நாணிய ஒரு செய்தியை ஊரறியப் பேசவைத்த திறம் அவ்விளம்பரத்துக்கு உண்டு. அதனை மறுப்பது நேர்மையாகாது. எனினும் அவ்வினாவின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. அது புள்ளிராஜாவைக் கேட்கவில்லை. புள்ளிராஜாவைப் பற்றி ஊரைக் கேட்டது. வருமா, வராதா என்று ஊரார் தீர்ப்புக் கூறிக்கொண்டிருந்தனர். ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகி அப்பலகையின் கீழேயே பேருந்துக்குக் காத்து நின்ற ஒருவருக்கு அவ்வினா என்ன கூறிற்று? ஒன்றும் கூறவில்லை. வந்துவிட்ட பின் எங்ஙனம் வாழ்வது என்பது அவ்வினாவின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிருந்தது.

2. ஒரே மாத்திரை, பல வாழ்வுகள்

2004 ஏப்ரல் முதல் நாள் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அவ்வாறு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. நோயெதிர்ப்பு அணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கிய பின்னரே மருந்து என்றிருந்த நிலை மாறி, 2017 முதல் தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து என்னும் கொள்கை வந்தது. இன்று மருந்தைத் தவறாது உட்கொள்பவர் பெரும்பாலும் பிறரைப் போல் நெடுநாள் வாழலாம். குருதியில் கண்டறிய இயலாத அளவுக்கு வைரஸ் குறைந்து அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவுவதில்லை என்பதும் ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது.

இலட்சக்கணக்கானோர்க்கு இலவசமாக மருந்து வழங்க வேண்டுமாயின் சிகிச்சை ஒரே சீராக இருத்தல் இன்றியமையாதது. இச்சீர்மை ஒருவகை நீதியாகும். செல்வருக்கு ஒன்று, வறியவருக்கு ஒன்று என்ற வேற்றுமையை அது நீக்குகின்றது. ஆகவே தனியாளுக்கு ஏற்ற சிகிச்சை என்று யாம் கூறுவது ஒவ்வொருவருக்கும் விலையுயர்ந்த வேறு மருந்து என்பதன்று. மாத்திரை ஒன்றாயிருக்கலாம், அதனை விழுங்குகின்ற வாழ்வுகள் ஒன்றல்ல.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை எண்ணிப் பார்ப்போம். இரும்பை உருக்கியும் உருட்டியும் பொருள் செய்யும் ஆலைகள் அங்குள்ளன. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து முறைப்பணியில் உழைக்கும் தொழிலாளர் பலர். அங்கே இரவுப் பணியில் உலையருகே நிற்கும் ஒருவருக்கு இத்தொற்று இருப்பதாகக் கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன்வரை முதல்நிலைச் சிகிச்சையில் எஃபாவிரென்ஸ் என்னும் மருந்து இடம்பெற்றிருந்தது. தலைசுற்றலும் குழம்பிய கனவுகளும் தரக்கூடியதாகையால் அதனைப் படுக்கைக்குப் போகும் வேளையில் உட்கொள்ளுமாறு கூறுவர். இரவெல்லாம் உலையருகே நிற்பவருக்குப் படுக்கும் வேளை எது? இவ்வொரு வினாவை யாரேனும் கேட்டிருந்தால், காலையில் பணி முடித்து உறங்கப் போகுமுன் உட்கொள்ளலாம் என்று இருவரும் கூடி முடிவு செய்திருக்கலாம். கேளாதவிடத்து அவர் தாமே ஒரு முடிவு செய்திருப்பார்: மாத்திரையை நிறுத்திவிடுவார். பதிவேடோ அவரைத் தொடர்பு அறுந்தவர் என்று குறித்துக்கொள்ளும்.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃபாவிரென்சின் இடத்தை டொலுடெக்ராவிர் பெற்றது. இது பெரிதும் நன்மையானது. ஆயினும் வினாக்கள் ஓய்ந்துவிடவில்லை. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உட்கொண்டால் அதன் ஆற்றல் குன்றும். ஆகவே இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ உட்கொள்ள வேண்டும், அல்லது இரண்டையும் உணவோடு சேர்த்து உட்கொள்ளலாம். கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை தரும் செவிலியர் ஒருவர்; எச்.ஐ.வி. மருந்து தரும் செவிலியர் மற்றொருவர். இரண்டையும் ஒரே நாளில் கையாள்பவள் அப்பெண் ஒருத்தியே. காசநோயும் சேர்ந்து ரிஃபாம்பிசின் உட்கொள்பவருக்கோ டொலுடெக்ராவிரை நாளொன்றுக்கு இருமுறை தர வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தவர் மருத்துவர். தம் நாள் எங்ஙனம் கழிகின்றது என்பதை அறிந்தவர் நோயுற்றவர். இவ்விரு அறிவும் ஒன்றுசேரும் இடமே கூட்டு முடிவு எனப்படுவது.

இதே மருந்தைப் பற்றி எழுந்த ஒரு வழக்காடல் நமக்குப் பாடமாகும். 2018 மே மாதத்தில், போட்ஸ்வானா நாட்டின் தொடக்கநிலைத் தரவுகளைக் கண்டு, கருவுறும் காலத்தில் இம்மருந்து உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு மிகுமோ என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரித்தது. சில நாடுகள் பிள்ளைப்பேற்றுப் பருவத்துப் பெண்களுக்கு அம்மருந்தைக் கட்டுப்படுத்தின. அவ்வாண்டு ஜூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடிய, எச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள், ஆபத்தையும் நன்மையையும் எங்களுக்கு விளக்குங்கள், தெரிவு எங்களுடையதாக இருக்கட்டும் என்ற கருத்துப்பட வாதாடினர். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் பெண்கள் உட்பட அனைவருக்கும் அம்மருந்தையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. பின்வந்த தரவுகளும் அவ்வச்சத்தைத் தணித்தன. காப்பாற்றுகிறோம் என்ற பெயரால் அவர்களைப் படர்க்கையில் நிறுத்தியவர்கள் முன் அப்பெண்கள் முன்னிலையில் வந்து நின்றார்கள். 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயுற்றோர் சிலர் தம்மைப் பலியானவர்கள் என்றழைப்பதை மறுத்துத் தம்மைப் பற்றிய முடிவுகளில் பங்கு கோரிய நாள்முதல் ஒலித்துவரும் குரலே அது.

3. சட்டத்தின் நயமும் குறையும்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5ஆம் பிரிவின்படி, விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இன்றி ஒருவருக்குச் சோதனையோ சிகிச்சையோ செய்தலாகாது. 8ஆம் பிரிவு, தம் நிலையை வெளியிடுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கின்றது. இது போற்றத்தக்க முன்னேற்றம். சுவர் விளம்பரம் கேளாத வினாவைச் சட்டம் கேட்கச் சொல்கின்றது.

எனினும் இரு குறைகளைச் சுட்டாதிருக்க இயலாது. முதலாவது, 14ஆம் பிரிவு மருந்தளிக்கும் அரசின் பொறுப்பை 'இயன்றவரை' என்ற சொல்லால் தளர்த்திவிடுகின்றது. மருந்து தீர்ந்துபோன நாளில் அச்சொல் யாருக்குத் துணை நிற்கும்? அரசுக்கா, வெறுங்கையோடு திரும்புகின்றவருக்கா? இரண்டாவது, ஒப்புதல் என்பது பிறர் எடுத்த முடிவுக்கு ஆம் என்பதே. முடிவை உருவாக்குவதில் பங்கு பெறுவது அதனினும் பெரிது. ஒடியா மட்டும் அறிந்த தொழிலாளி தமிழில் அச்சிட்ட தாளில் இடும் கையொப்பம் ஒப்புதல் ஆகுமோ என்றுகூட ஐயுற வேண்டியிருக்க, அதனைக் கூட்டு முடிவு என்று யார் கூறுவர்?

4. பிரசங்க மேடையில் கேட்ட வினா

சுவரையும் சட்டத்தையும் குறைகூறிய நாம் நம் மேடையைத் தப்பவிடலாகாது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் (யோவான் 9) யார் செய்த பாவம் என்று ஆண்டவரை வினவினர். அம்மனிதன் அருகிருக்கவே அவனைப் படர்க்கையில் வைத்துப் பேசினர். இத்தொற்று எப்படி வந்தது என்று முதலில் கேட்கும் நம் வழக்கம் அச்சீடர்களின் வினாவே. கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியைக் குற்றமற்றவள் என்று பிரித்துப் பேசும் நம் இரக்கமும் அவ்வினாவின் மறுபக்கமேயன்றி வேறன்று. ஏனெனில் மற்றவரைக் குற்றவாளி என அது சொல்லாமல் சொல்கின்றது.

இதற்கு மாறாகப் பர்திமேயுவின் வரலாற்றைக் காண்க (மாற்கு 10). அவன் பார்வையற்றவன் என்பது கண்ணுள்ளார் அனைவருக்கும் தெரியும். கூட்டம் அவனை அதட்டி வாய்மூடச் சொல்கின்றது. இயேசுவோ நின்று, அவனை அழைப்பித்து, தாம் அவனுக்கு யாது செய்ய வேண்டுமென்று அவனிடமே கேட்கின்றார். தேவை வெளிப்படையாயிருந்தும் கேட்டது ஏன்? அவன் தன் வாயால் கூறும் உரிமையை அவனுக்கு மீட்டுத் தருதலும் அக்குணமாக்குதலின் ஒரு பகுதியாயிருந்தமையால் என்க.

பெதஸ்தாவில் முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவனையும் (யோவான் 5) குணமாக விருப்பமோ என்று அவர் கேட்டார். அவன் ஆம் என்னவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றான். இதனைச் சாக்குப்போக்கு என்று கண்டிக்கும் பிரசங்கங்கள் பல. யாம் அங்ஙனம் கருதவில்லை. விருப்பம் பற்றிய வினாவுக்கு அவன் வழி பற்றி விடை கூறினான். கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் விடையும் இதுவே. மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூர் ஓர் இருப்புப்பாதையிலும் கும்மிடிப்பூண்டி வேறோர் இருப்புப்பாதையிலும் உள்ளன. மருந்துக்காக அங்கே போய்வர அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். விடுப்புக்குக் காரணமும் கூற வேண்டும். மருந்தில் விருப்பமில்லாதவர் என்று அவரைக் கூறுவது, குளத்தையும் தூரத்தையும் காணாது மனிதனை மட்டும் கண்டிப்பதாகும்.

இங்கே ஒரு தடை எழலாம். யோவான் 9இல் இயேசு அக்குருடனிடம் ஒன்றும் கேளாமலே சேற்றைப் பூசினார் அன்றோ? உண்மை. ஆகவே கேட்டபின்னரே குணமாக்குவார் என்று ஒரு விதி வகுத்தல் கூடாது. ஆயினும் சீலோவாம் குளத்துக்குச் சென்று கழுவுதல் அம்மனிதனிடமே விடப்பட்டது. மேலும், அதே அதிகாரம் நம்மை வேறொரு வகையில் எச்சரிக்கின்றது. அதிகாரிகள் அவனை ஒருமுறைக்கு இருமுறை விசாரித்தனர். விடை தம் கருத்துக்கு ஒவ்வாதபோது அவனைப் புறம்பே தள்ளினர். கேட்பதெல்லாம் முன்னிலையாக்குதல் அன்று. விடையைச் செவிமடுக்க விரும்பாத வினா விசாரணையே.

5. நம் கடமை

இதனின்று ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்க்கும் பெறப்படுவன சில. தம் நிலையை ஒருவர் நம்மிடம் கூறினால், எப்படி வந்தது என்னும் வினாவை விட்டு, இப்போது எது கடினமாயிருக்கின்றது என்று கேட்போமாக. கேட்டதை நம் மனைவியரிடமும் மூப்பரிடமும் செபக்கூட்டத்திலும் வெளியிடாதிருப்போமாக. பெயர் கூறாத செபவிண்ணப்பமும் சிற்றூரில் பெயர் கூறியதற்கு ஒப்பாகும். திருமணத்துக்கு முன் அனைவரும் சோதனைச் சான்று தர வேண்டும் என்ற யோசனை திருச்சபையில் எழும்போது, கட்டாயத்தின்பேரில் தரப்படுவது ஒப்புதலாகாது என்று எடுத்துக் கூறுவோமாக. செபத்தால் குணமாயிற்று, மருந்தை நிறுத்து என்று சொல்லும் குரலை ஐயத்துக்கிடமின்றி மறுப்போமாக. அக்குரலால் நேரும் இழப்புக்கு விலை கொடுப்பவர் அதைக் கூறியவர் அல்லர். மருத்துவரிடம் போகுமுன் தம் ஐயங்களைத் தாளில் எழுதிக்கொள்ள ஒருவருக்கு நாம் துணைசெய்வதும், மொழி அறியாதவருக்கு அவர் விரும்பினால் உடன் செல்வதும் பெரிய ஊழியங்களே. அங்கேயும் அவருக்காக நாம் பேசாது, அவர் பேசும்வரை காத்திருத்தல் வேண்டும்.

பார்வை பெற்றவனின் பெற்றோர் அதிகாரிகளுக்கு அஞ்சி, அவன் வயதுவந்தவன், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கினர். அச்சத்தால் சொல்லப்பட்ட அச்சொல்லில் அவர்கள் அறியாத ஓர் உண்மை பொதிந்துள்ளது. அவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொன்னதை நாம் அன்பினால் சொல்ல வேண்டும்: எச்.ஐ.வி.யோடு வாழும் நம் சகோதரரும் சகோதரியரும் வயதுவந்தவர்கள், அவர்களிடமே கேட்போம். கேட்டபின், விடை வரும்வரை அவர்களை விட்டு அகலாதிருப்போம்.