ஆமை நடையில் ஒரு குச்சி

ஜனவரியிலிருந்து பங்குனி வரை, சென்னையில் நள்ளிரவு தாண்டியபின் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாகச் சில மாணவர்கள் ஆமை முட்டைகளைத் தேடிக் கரையோரம் நடந்து வருவார்கள். 1988-இல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய பழக்கம். டார்ச் உண்டு, எரியாது. வெளிச்சம் பட்டால் முட்டையிட வரும் பங்குனி ஆமை திரும்பிவிடும். எனக்குப் பிடித்தது அவர்கள் கையிலிருக்கும் குச்சி.

பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் சக்கரம் போனதுபோல் கிடக்கும். நடுவில் கலைந்த மணல். அங்கேதான் குழி, ஆனால் எங்கே? ஆமை மூடிவிட்டுப் போகும் நேர்த்தி அப்படி. மாணவி குச்சியை ஊன்றி, மெல்ல அழுத்துகிறாள். இறுகிய மணல் தடுக்கிறது. ஒரு சாண் தள்ளி மறுபடி. ஓரிடத்தில் குச்சி சட்டென வழுக்கி இறங்குகிறது. அந்தக் கணமே கை நின்றுவிட வேண்டும். இன்னும் அரை விரல் போனால் முட்டை உடையும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது, மணிக்கட்டுதான் கற்கும்.

பிறகு கையால் தோண்டல். சொம்பு மாதிரி கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி, ஒன்றரை அடி ஆழம், நூற்றுக்கும் மேல் வெள்ளை முட்டைகள். உருட்டாமல் துணிப்பையில் எடுத்துப்போய், பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே சொம்பு. மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும். அதனால் ஆழத்தில் யாரும் சமரசம் செய்வதில்லை.

குச்சி மறுபடி தோளில் ஏறுகிறது. இன்னும் பாதித் தூரம் இருக்கிறது.