புள்ளி இடவொண்ணாத ஏடு: ‘விம்’ உரைத்திருத்தியின் டொஸ் தழுவல் பற்றிய ஒரு நோக்கு

தழுவல் என்னும் சொல் தமிழ்த் திறனாய்வில் பெரும்பாலும் நாடகத்தையும் நாவலையும் குறித்தே வழங்கி வந்துள்ளது. பிறமொழி நாடகமொன்று தமிழ் மேடைக்கு வரும்போது எவை மாறின, எவை மாறாது நின்றன, மாற்றத்துக்குரிய விலையை யார் செலுத்தினர் என்ற வினாக்கள் எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களைக் கணனி மென்பொருளொன்றை நோக்கி எழுப்புவதும் தகும். மென்பொருளும் மனிதர் எழுதிய பனுவலே. ஒரு சூழலுக்கென எழுதப்பட்டுப் பிறிதொரு சூழலில் வாழ நேரும்போது அதுவும் தழுவலுக்கு உள்ளாகின்றது. யுனிக்ஸ் மரபில் வந்த ‘விம்’ என்னும் உரைத்திருத்தி, எம்.எஸ்.டொஸ் என்னும் குறுகிய இயக்கமுறைமைக்குள் புகுந்து, இருபதாண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்து, பின் வெளியேறிய வரலாறு இவ்வகையில் ஆராயத்தக்கது. தொழினுட்பம் அறிந்தோர் அதன் வெற்றியை வேகத்தாலும் வசதியாலும் அளப்பர். தழுவல் என்ற அளவில் அது எத்துணை நேர்மையானது என்பதே ஈண்டு எழும் வினா.

மூலம் என்று கொள்ளப்படும் ‘வீ-ஐ’ திருத்தி தானும் தட்டுப்பாட்டிற் பிறந்ததே என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். 1970களின் பிற்பகுதியில், பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் அதனை எழுதினார். 300 போட் வேகமுடைய தொலைபேசி இணைப்பின் வழியாகத் தாம் பணியாற்றியதாக அவர் பின்னர்க் கூறியுள்ளார். அஃதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்கள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரையில் 1,920 இடங்கள் உள. அத்திரையை ஒருமுறை முற்றாக வரைவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லும். இத்தகைய வறுமையில் நீண்ட கட்டளைகளுக்கோ அடிக்கடி திரையை மீள வரைவதற்கோ இடமில்லை. எனவே கட்டளைகள் ஓரெழுத்தும் ஈரெழுத்துமாகச் சுருங்கின. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தின் விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் மீது அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்விசைகளே நகர்வுக் கட்டளைகளாயின. அம்முனையம் அரும்பொருளாகிவிட்ட இன்றும் அவ்வழக்கம் நிலைத்துள்ளது.

கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறெழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழெழுத்தும் என வரையறை உண்டு. அதனை எவரும் குறைபாடு என்பதில்லை. வடிவம் என்றே கொள்கின்றனர். 300 போட் என்னும் கட்டுப்பாடும் இவ்வாறே காலப்போக்கில் வடிவமாக மாறிற்று எனலாம். ஆயினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் கூடாது. புலவன் யாப்பைத் தானே தெரிந்துகொள்கிறான். மென்பொருளை எழுதுவோனுக்குப் பொறி வாய்ப்பதேயன்றி, அதனைத் தெரியும் உரிமை பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

வீ-ஐயின் மூலநிரல், ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்குரிய யுனிக்ஸ் நிரலிலிருந்து கிளைத்ததாகலின், அதனைக் கட்டற்ற முறையிற் பரப்புதல் இயலாதிருந்தது. ஆகவே சிறு கணனிகளுக்கெனப் போன்மைகள் தோன்றின. அற்றாரி எஸ்.டி. கணனிக்கென எழுதப்பட்ட ‘ஸ்டீவி’ அவற்றுள் ஒன்று. அதனை அடியாகக் கொண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலனார் அமிகா கணனியில் வளர்த்தெடுத்த விம், 1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதன் பெயர் தொடக்கத்தில் ‘வீ-ஐயின் போன்மை’ என்பதன் சுருக்கமாக இருந்து, பின்னர் ‘மேம்படுத்திய வீ-ஐ’ என்று பொருள் கொள்ளப்பட்டது. போன்மையாகத் தொடங்கியது மூலத்தினும் தன்னை மேலானதாக அறிவித்துக்கொண்ட செயல், தழுவலாசிரியர் பலரின் வரலாற்றிலும் காணப்படுவதே.

இனி டொஸ் என்னும் மேடையைக் காண்போம். 1981இல் வெளிவந்த அம்முறைமையின் முதற் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. சாய்கோட்டுக் குறி கட்டளைகளின் தெரிவுகளைச் சுட்டுவதற்குப் பயன்பட்டு வந்தது. 1983இல் இரண்டாம் பதிப்பு கோப்புறைகளைக் கொணர்ந்தபோது, பாதையைப் பிரிப்பதற்கு எதிர்ச்சாய்கோட்டை நாடவேண்டியதாயிற்று. கோப்பின் பெயர் எட்டெழுத்து, புள்ளி, அதன்பின் மூன்றெழுத்து என்ற அளவைத் தாண்டலாகாது. நிரல்களுக்கு நேரடியாகக் கிடைத்த நினைவகத்தின் எல்லை 640 கிலோபைற்று. யுனிக்ஸில் வளர்ந்த ஒரு திருத்திக்கு இவையனைத்தும் அந்நியமானவை.

இவற்றுள் சிறியதாகத் தோன்றும் ஒன்றே ஆய்வுக்கு மிகுந்த பயன் தருவது. யுனிக்ஸில் பயனரின் விருப்ப அமைப்புக்களைக் கொண்ட கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்: ‘.விம்ஆர்சி’. புள்ளியில் தொடங்கும் கோப்புக்கள் வழமையான பட்டியலிற் காட்டப்படா; அப்புள்ளி மறைவின் அடையாளம். டொஸிலோ பெயரின் முதலிற் புள்ளி வருதல் ஆகாது. விம் அப்புள்ளியின் இடத்தில் அடிக்கோடொன்றை இட்டு ‘_விம்ஆர்சி’ என அமைத்துக்கொண்டது.

தமிழ் ஏட்டுச்சுவடிகளை அறிந்தோருக்கு இச்செய்தி புதிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என இலக்கணம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழித்துவிடும் என்பது வழமையாகக் கூறப்படும் காரணம். புள்ளி எங்கு வரும் என்பதைப் படிப்போனே உய்த்துணரவேண்டியிருந்தது. அதனாற் பாடங்கள் மயங்கின, பதிப்பாசிரியர்கள் பட்ட பாடும் பெரிது. விம் அவ்வாறு செய்திலது. இழந்த புள்ளியின் இடத்தை வெறுமையாக விடாமல், இழப்பு நேர்ந்த இடத்தைக் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் குறித்து வைத்தது. மறைந்திருத்தல் என்னும் பண்பு போயிற்று. ஆனால் போயிற்று என்பது பெயரிலேயே எழுதப்பட்டுள்ளது. தழுவலில் நேர்மை என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதனோடு ஒருங்குவைத்து நோக்கத்தக்கது ‘ஷோர்ட்நேம்’ என்னும் அமைப்பு. விம் தான் திருத்தும் கோப்புக்கு அருகே காப்புப்படியையும் இடைமாற்றுக் கோப்பையும் ஆக்கும்போது, மூலப்பெயரின் இறுதியில் ஒரு பின்னொட்டைச் சேர்க்கும். எட்டும் மூன்றுமாக அளந்த பெயரில் இதற்கு இடமில்லை. இவ்வமைப்பை இயக்கினால், பின்னொட்டுச் சேரும்போது பெயரிலுள்ள புள்ளிகள் அடிக்கோடுகளாக மாற்றப்படும். சுவையான செய்தி யாதெனில், டொஸ் பதிப்பில் இவ்வமைப்பே கிடையாது; அங்கு அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்குமாதலால் தெரிவாக வழங்குவதிற் பொருளில்லை என்று கையேடு விளக்குகிறது. டொஸ் முறையில் அமைந்த வட்டுக்களை அமிகா முதலிய பிற கணனிகளில் திருத்துவோருக்கே அது தெரிவாக வழங்கப்பட்டது. ஒருவருக்கு விதியாக இருப்பது மற்றவருக்கு விருப்பமாக இருக்கிறது. செல்வர் நோன்பிருப்பதற்கும் வறியவர் பட்டினி கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு கணனி நிரலிலும் இவ்வாறு வெளிப்படுகிறது.

வரிமுடிவின் சிக்கலை விம் கையாண்ட விதமும் போற்றத்தக்கதே. யுனிக்ஸ் வரியின் முடிவை ஒரு குறியாற் காட்டும். டொஸ், தட்டச்சுப்பொறியின் நினைவாகவோ என்னவோ, வண்டி மீள்வுக்கு ஒன்றும் வரி நகர்வுக்கு ஒன்றுமாக இரண்டு குறிகளை இடும். விம் கோப்பைத் திறக்கும்போதே வரிமுடிவுகளை ஆராய்கிறது. எல்லா வரிகளும் இரட்டைக் குறியால் முடிந்தாலன்றி அதனை டொஸ் கோப்பென்று ஏற்பதில்லை. ஒரு வரி பிறழினும் எஞ்சிய மீள்வுக் குறிகளை மறைக்காமல் திரையிற் காட்டிவிடுகிறது. சேமிக்கும்போது கோப்பு எந்த மரபில் வந்ததோ அந்த மரபிலேயே மீளும். ஏட்டிலுள்ள பாடத்தைத் தன் விருப்பப்படி திருத்தாது, பிறழ்வைப் பிறழ்வாகவே காட்டும் பதிப்பாசிரியனின் ஒழுக்கம் இது.

எதிர்ச்சாய்கோட்டின் விடயத்தில் இவ்வொழுக்கம் தளர்ந்துவிட்டது. யுனிக்ஸ் மரபில் எதிர்ச்சாய்கோடு, தன்னை அடுத்து வரும் எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்கும் குறி. டொஸிலோ அது பாதையைப் பிரிக்கும் குறி. ஒரே குறிக்கு இரு பொருள். விம் இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முனைந்தது. பெயரில் வரும் எதிர்ச்சாய்கோட்டை அப்படியே விட்டுவிடும். ஆனால் அதனையடுத்து இடைவெளியோ காற்புள்ளியோ வருமாயின் அதனை நீக்கிவிடும். பயனருக்குக் கையேடு கூறும் அறிவுரை, முன்சாய்கோட்டையே பயன்படுத்துக என்பதாகும். விம் அதனை உள்ளே எதிர்ச்சாய்கோடாக மாற்றிக்கொள்ளும். இங்குத் தழுவல் மறைவாக நிகழ்கிறது. பயனர் எழுதுவது ஒன்று, இயக்கமுறைமை பெறுவது பிறிதொன்று; இடையே நின்ற மொழிபெயர்ப்பாளனை அவர் காண்பதில்லை. பெரும்பாலான நேரங்களில் இது வசதிதான். வசதியாக இருப்பதனாலேயே, அது பிழைக்கும் அரிய வேளையிற் காரணத்தைக் கண்டறிதல் கடினமாகிறது.

நினைவகத்தின் கதை வேறு. டொஸுக்கென விம் இரு வடிவங்களில் வழங்கப்பட்டது. பதினாறு பிற்று வடிவம் பழம்பொறிகளிலும் ஓடும். ஆயின் வசதிகள் பல களையப்பட்டது. முப்பத்திரண்டு பிற்று வடிவத்துக்கு 80386 அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். நிரலின் எப்பகுதி எந்த முறைமைக்குரியது என்பதை மூலநிரலில் நிபந்தனை வரிகள் பிரித்துக் காட்டின. பதிப்புக்கள் பெருகப் பெருக இவ்வரிகளும் பெருகி, மூலநிரல் உரைமேல் உரை ஏறிய பழஞ்சுவடி போலாயிற்று. ஈற்றில் 2016இல், எட்டாம் பதிப்பு வெளிவந்த ஆண்டில், டொஸ் ஆதரவு நீக்கப்பட்டது. விம் நினைவகத்தில் அடங்காமையால் அவ்வடிவம் சிறிது காலமாகவே இயங்கவில்லை என்பதும், நீக்கினால் நிரல் தூய்மையாகும் என்பதும் கூறப்பட்ட காரணங்கள்.

இக்காரணம் ஆராய்ந்து ஏற்கத்தக்கது. 640 கிலோபைற்று எல்லை 1981 தொட்டு மாறவில்லை. மாறியது விம்மின் உடலே. அவ்வாறாயின் ‘பழைய முறைமையின் குறைபாடு’ என்னும் தொடர், வளர்ந்தவனுக்குப் பொருந்தாத சட்டையைச் சிறுத்துவிட்டது என்று குறைகூறுவதை ஒத்தது. எனினும் இதனைக் கொண்டு ஆசிரியரைக் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. விம் இலவசமாக வழங்கப்பட்ட மென்பொருள். அதனால் நலம்பெற்றோர் உகண்டாவிலுள்ள சிறுவர்களுக்கு உதவுக என்பதே, 2023இல் மறைந்த மோலனார் விடுத்த வேண்டுகோள். ஊதியமின்றி உழைப்போரிடம் எல்லாப் பழம்பொறிகளையும் என்றென்றும் தாங்கவேண்டும் எனக் கோருதற்கு எவருக்கும் உரிமையில்லை. 2014இல் விம்மினின்று பிரிந்த நியோவிம், பழைய முறைமைகளுக்குரிய பகுதிகளைத் தொடக்கத்திலேயே களைந்தது. ஈமாக்ஸ் என்னும் பிறிதொரு திருத்தியோ தன் டொஸ் வடிவத்தை நெடுங்காலம் பேணியது. பிற நிரல்களைத் தன்னோடு ஒருங்கே ஓடவிடும் வசதி டொஸில் இயலாது என்பதையும் தன் கையேட்டிலே வெளிப்படையாக எழுதிவைத்தது. மூன்று நிலைப்பாடுகளுள் ஈமாக்ஸினுடையதே கடினமானது. இயலாமையை ஒப்புக்கொண்டு உடனிருத்தல் அது.

தமிழுக்கும் இவ்விடயத்தில் நேரடித் தொடர்பொன்று உண்டு. வீ-ஐயும் அதன் வழிவந்தனவும் திரையை ஒத்த அளவுள்ள கட்டங்களாகவே காண்கின்றன, அக்கட்டங்கள் ஏ.டி.எம்.-3ஏயின் சந்ததி. ‘ர’ என்னும் எழுத்தும் ‘ணௌ’ என்னும் எழுத்தும் அளவொத்த கட்டங்களில் அடங்குவன அல்ல. டொஸ் காலத்தில் ஓரெழுத்துக்குரிய குறியிடங்கள் 256 மட்டுமே. அவற்றின் முற்பாதி ஆங்கிலத்துக்கும் அதனைச் சார்ந்த குறிகளுக்கும் உரியது. பின்னர் வந்த டிஸ்கி குறியீட்டு முறையும், பிற்பாதியிலுள்ள 128 இடங்களுக்குள் 247 எழுத்துக்களையும் துண்டுகளாக்கி அமைத்து, கொம்பினை எழுத்துக்கு முன்னரே இட்டு வைத்தது. 2001இல் வெளியான ஆறாம் பதிப்பிலிருந்து விம் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எனினும் கட்டங்கள் அகலவில்லை. முனையத்தில் தமிழ் வரியொன்றைத் திறப்போர் எழுத்துக்கள் ஒன்றன்மீதொன்று ஏறியோ விலகியோ நிற்கக் காண்கின்றனர். டொஸின் குறைபாட்டுக்கு விம் அடிக்கோடு ஒன்றைக் கண்டுபிடித்தது. தன் கட்டங்களின் குறைபாட்டை அது குறைபாடாகவே கருதியதில்லை. ஆகலின் அதற்கு அடிக்கோடு எதுவும் இல்லை.

1995இல் விண்டோஸ் நீண்ட கோப்புப் பெயர்களை அனுமதித்தது. புள்ளியில் தொடங்கும் பெயர்களுக்கும் இன்று அங்குத் தடையில்லை. ஆயினும் விண்டோஸில் விம் இன்றும் ‘_விம்ஆர்சி’ என்னும் கோப்பைத் தேடுகிறது.