ரமணிசந்திரன் நாவல்களும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

போன பொங்கலுக்குத் திண்டிவனம் போயிருந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். அவள் பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வேறு ஒரு பெயரில் போனிலேயே காதல் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்குடா? நீ சொன்னா கேப்பா. நீயே சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே அக்காதான் தொண்ணூறுகளில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ரமணிசந்திரன் படித்து அம்மாவிடம் திட்டு வாங்கியவள். வாடகை நூலகத்திலிருந்து சைக்கிளில் எடுத்து வந்து கொடுத்தது நான். கூலி, புத்தகத்துக்கு ஒரு கமர்கட்.

சொல்வது இருக்கட்டும், எதைச் சொல்வது? நான் ரமணிசந்திரனில் ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்தவன் இல்லை. கிண்டல் மட்டும் நிறையப் பண்ணியிருக்கிறேன். "ஒரே ப்ரோகிராம், வேற வேற இன்புட்" என்று ஆபீஸில் ஒருமுறை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதனால் பரணில் இருந்த அக்காவின் பெட்டியை இறக்கினேன். நாலு நாலு நாவலாகச் சேர்த்துத் தைத்த பைண்டிங் புத்தகங்கள், சில தனிப் பிரதிகள், மூலையெல்லாம் மடங்கியவை. நூலகம் மூடியபோது மொத்தமாக வாங்கியிருக்கிறாள். நாலு மாதத்தில் முப்பதுக்குக் கொஞ்சம் மேல் படித்தேன்.

தெரியாதவர்களுக்காக: ரமணிசந்திரன் 1938-இல் பிறந்தவர். நூற்றைம்பதுக்கும் மேல் நாவல்கள். குமுதத்தில் தொடராக வந்ததும் உண்டு, நேராகப் புத்தகமாக வந்ததும் உண்டு. தமிழில் அதிகம் விற்கும் எழுத்தாளர் யார் என்று கேட்டால் இவர் பெயர்தான் முதலில் வரும். ஆனால் இலக்கியப் பட்டியல்களில் தேடினால் கிடைக்க மாட்டார். 2008-இல் சென்னை ப்ளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது (மொழிபெயர்த்தவர் ப்ரீதம் சக்ரவர்த்தி) ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று துப்பறியும் கூட்டத்துக்கு நடுவில் இவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கேயும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர் மாதிரிதான் தெரிகிறார்.

சரி, வார்ப்புரு இருக்கிறதா? இருக்கிறது. பணக்கார நாயகன், கோபக்காரன். வசதி குறைந்த, ஆனால் தன்மானம் குறையாத நாயகி. பல நாவல்களில் முதலில் கல்யாணம், அப்புறம்தான் காதல். நடுவில் ஒரு தப்பெண்ணம், அதை ஊதிவிட ஒரு சொந்தக்காரி. கடைசியில் சுபம். முதல் பத்துப் புத்தகம் வரை என் கிண்டல் சரியென்றே நினைத்தேன்.

பதினொன்றிலோ பன்னிரண்டிலோ வேறு ஒன்று கண்ணில் பட்டது. காதல் கதை என்று நாம் சொல்கிறோமே தவிர, நாயகியைத் துரத்துவது காதல் இல்லை. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்கிற கேள்வி. அப்பா இறந்திருப்பார், அல்லது கடனில் வீடு போயிருக்கும், அல்லது அண்ணி முகம் மாறியிருக்கும். அவள் இன்னொருவர் வீட்டில் வேலைக்கோ விருந்தாளியாகவோ மனைவியாகவோ போய்ச் சேர்கிறாள். அந்த வீட்டில் எந்த அறை தனக்கு, சாப்பாட்டு மேஜையில் எங்கே உட்காரலாம், யார் வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறாள். ரமணிசந்திரன் உண்மையில் கைதேர்ந்தவராக இருப்பது இந்த இடங்களில்தான். முத்தக் காட்சி ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஓசியில் சாப்பிடுகிறோமே என்கிற கூச்சம் நாலு பக்கம் ஓடும்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இதைக் கண்டுபிடிக்க உனக்கு நாலு மாசமா?" என்றாள்.

இந்த வகை எழுத்தின் பூர்வகதையும் இதே கணக்குதான். வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது. மனதில் கதை இருந்தது, எழுதக் கை பழகவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையே வாங்கி நடத்தினார். நூற்றுப் பதினைந்து நாவல் வரை எழுதினார். அடுத்து 'லட்சுமி', அதாவது டாக்டர் திரிபுரசுந்தரி. மருத்துவம் படிக்கும்போது வீட்டில் பணம் இல்லை. ஆனந்த விகடனுக்குக் கதை எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தார். பெண்கள் விழுந்து விழுந்து படித்த குடும்ப நாவல்களை எழுதியவர், 1984-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். தினம் எத்தனை மணிக்கு எழுதினார்கள், எந்தப் பேனா என்பதெல்லாம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படவில்லை. யார் வீட்டில், யார் காசில், யாருக்குத் தெரியாமல் எழுதினார்கள் என்பதுதான் விஷயம்.

படிப்பவர்களுக்கும் அதே கதைதான். ஜேனிஸ் ராட்வே என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட புத்தகம் ஒன்று உண்டு. கதைகளை மட்டும் ஆராயாமல் ஒரு சிறு ஊரின் காதல் நாவல் வாசகிகளிடமே போய்க் கேட்டார். கதையைவிட, படிக்கிற அந்த நேரம்தான் அவர்களுக்குப் பெரிசாக இருந்தது. கணவனோ பிள்ளைகளோ எதுவும் கேட்க முடியாத நேரம். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நடந்ததும் அதுதான். அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது எனக்கு.

புகழ்ந்தது போதும். பிடிக்காததும் உண்டு. நாயகன் கையை முறுக்குகிறான், சந்தேகப்படுகிறான், வார்த்தையால் குத்துகிறான். பிறகு அவ்வளவும் அன்பின் மிகுதி என்று கணக்குத் தீர்க்கப்படுகிறது. இப்போது ஆன்லைனில் எழுதுகிற பெண்கள் இதை 'ஆன்ட்டி ஹீரோ' என்று தனி வகையாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லும்போது விதை எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது புத்தகத்தில் இருந்த விஷயம் அல்ல, இல்லாத விஷயம். நான் படித்த இத்தனை நாவல்களில் சாதி ஒரு தடையாக வரவே இல்லை. பணம் வருகிறது, அந்தஸ்து வருகிறது, பழைய குடும்பப் பகை வருகிறது. இரண்டு பேர் கல்யாணம் என்றால் நம் ஊரில் முதல் நிமிஷத்திலேயே கேட்கிற அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. கார் வைத்த நாயகனைப் பார்த்து "இதெல்லாம் நடக்குமா" என்று கிண்டல் பண்ணினோம். கார் நடக்கும் சார். சாதி கேட்காத மாமனார்தான் அந்தக் கதைகளிலேயே பெரிய கற்பனை.

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் அடுத்த பெரிய ஸ்டேஷன் விருத்தாசலம். அதன் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில்தான் 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். முருகேசன் தலித், பி.இ. கெமிக்கல் படித்தவர். கண்ணகி வன்னியர், பட்டதாரி. ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்ல 2021 ஆகிவிட்டது. முருகேசன் கிட்டத்தட்ட என் வயது, என் படிப்பு. அவர்கள் காதலித்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்து வாடகை நூலகங்களில் எந்தப் புத்தகங்கள் கைமாறிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும், நானே சுமந்தவன்.

இதை வைத்துக்கொண்டு ரமணிசந்திரனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. கோழைத்தனம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், வெளியே எங்கேயும் கிடைக்காத ஒரு உலகம், இரண்டு பேரின் ரோஷத்தைத் தவிர வேறு தடையே இல்லாத உலகம், ஒரு மத்தியானத்துக்காவது கிடைத்ததே என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்று முடிவெடுக்காமலே அக்கா பெண்ணிடம் பேசப் போனேன்.

அவள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கல்லூரிக்குப் பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போகிறவள். எழுதுவது முழுக்க ரயிலில்தான். ஏறியதும் ஆரம்பித்தால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், இறங்குவதற்குள் ஒரு அத்தியாயம். சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் அத்தியாயம் நீளும். தங்கிலீஷில் அடித்தால் தமிழாக மாறும் கீபோர்டு, அதனால் ஒற்றுப்பிழை ஏராளம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் பதிவேற்றம். காலையில் கமென்ட்டுகள். வாசகிகள் 'அடுத்த யூடி எப்போ சிஸ்?' என்பார்கள், யூடி என்றால் அடுத்த பகுதி. சொல்லக் கூடாது, என்னை விட ஒழுங்காக டெலிவரி செய்கிறாள்.

கதையைப் படித்தேன். நாயகன், நாயகி இருவரும் அதே ரயிலில் போகிறவர்கள். நன்றாகவே இருந்தது. கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "ரெண்டு பேரும் இந்த ஊர்க்காரங்கதானே. யாரும் என்ன ஆளுங்கன்னு கேக்கவே மாட்டாங்களா?"

கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை எழுதினா அது லவ் ஸ்டோரியா இருக்காது மாமா. நியூஸ் ஆயிடும்."

பதில் சொல்லத் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்தச் சொல்லும் வேலையும் அப்படியே நின்றுபோனது. அக்காவிடம், "நல்லா எழுதறா, விடு" என்றேன். "நீயும் அவளோட சேந்துக்கிட்டியா" என்று முறைத்துவிட்டு, எந்தப் பெயரில் எழுதுகிறாள் என்று மெதுவாகக் கேட்டாள். நான் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், ஒரு புது வாசகி ஒவ்வொரு பகுதிக்கும் இதயம் போடுகிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த பகுதியில் நாயகன் முதல்முறையாக நாயகி வீட்டுக்கு வருகிறான். காபி கொடுக்கிறார்கள். அவளுடைய அப்பா எந்த ஊர் தம்பி என்கிறார். சொல்கிறான். ஊர்ல எந்தத் தெரு என்கிறார். அங்கே நிறுத்தியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு யூடி வரவில்லை. கீழே கமென்ட்டுகள் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.