கலச மஹால்: மீண்ட கூரை, மீளாத அரண்மனை

தீயில் சிதைந்த மாளிகையை என்ன செய்வது என்பதற்கு இங்கிலாந்தில் இரு எதிரெதிர் விடைகள் உண்டு. 1989இல் எரிந்த அப்பார்க் மாளிகையைத் தீக்கு முந்தைய நாள் இருந்தபடியே எழுப்பினார்கள். 2015இல் எரிந்த கிளாண்டன் பார்க்கிலோ, கருகிய செங்கற் சுவர்களையே பார்வைக்கு வைப்பதென முடிவெடுத்தார்கள். சென்னை சேப்பாக்கம் அரண்மனையில் 2012இல் எரிந்த கலச மஹால் முதல் வழியில் மீட்கப்பட்டது. அந்தத் தேர்வு சரியானது.

1768இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக எழுந்த இக்கட்டடத்தின் மதிப்பு அதன் கட்டுமுறையில் இருக்கிறது. தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குச் சாய்வில் செருகிய சிறுசெங்கல், சுண்ணாம்புக் காரை: இதுதான் மெட்ராஸ் டெரஸ். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் கொத்தனார்கள் இன்றும் இருக்கையில், பாழை அப்படியே காட்சிப்படுத்துவது கைவினையையும் பாழாக்குவதாகும். எங்கள் சென்னிமலைத் தறியில் பாவு இழை அறுந்தால் அதே கவுண்ட் நூலால்தான் பிணைப்பார்கள்; தடித்த நூல் முடிச்சைத் தாங்கும், ஆனால் துணியில் துருத்தும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டும் அப்படித்தான். வலுவாக நிற்கும், சுவர் விடும் ஈரமூச்சை அடைத்துவிடும். சுண்ணாம்புக்கே திரும்பியதில் இந்தப் பணி முறைமை தவறவில்லை. 2012 ஜனவரித் தீயை அணைக்கையில் அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் இடித்துவிடலாம் என்ற பேச்சே முதலில் எழுந்தது என்பதை நினைத்தால், சாதனையின் அளவு தெரியும்.

குறை கைவேலையில் இல்லை, எல்லை வகுத்ததில் இருக்கிறது. சேப்பாக்கம் என்பது ஒற்றை மஹால் அன்று. கலச மஹால், ஹுமாயூன் மஹால், இரண்டுக்கும் நடுவே கட்டடக் கலைஞர் சிஸம் எழுப்பிய கோபுரம் மூன்றும் சேர்ந்த தொகுதி அது. எரிந்த பகுதிக்கு உடனே கவனம் கிடைத்தது. எரியாமலே இற்றுக்கொண்டிருந்த ஹுமாயூன் மஹால் பின்னரே பணிக்கு வந்தது. தீயின் வரிசையே திட்டத்தின் வரிசையானது. கடற்கரைச் சாலையில் நின்றால் எழிலகம் முதலிய கட்டடங்கள் இன்றும் அரண்மனையை மறைக்கின்றன. மீட்கப்பட்ட கலச மஹாலுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. பயன்பாடில்லாக் கட்டடம் விரைவில் சிதையும் என்பதால் இதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கோப்பும் மின்கம்பியும் தேக்கு உத்திரங்களின் கீழேதான் மறுபடி குடியேறுகின்றன. கட்டுமுறையில் காட்டிய கண்டிப்பு தீத்தடுப்பிலும் வேண்டும்.

கட்டுமானத்தை மீட்ட பணியாக இது முதல் தரம். அரண்மனையை மீட்ட பணியாக, பாதி.