ஓய்வுநாளும் அடுப்படியும்

தல்மூத்தின் முதல் கேள்வி உலகம் எப்படி உண்டானது என்பதல்ல. மாலை நேரத்து ஷெமா பிரார்த்தனையை எப்போதிலிருந்து சொல்லலாம் என்பதுதான். மணி கேட்டுக்கொண்டே தொடங்குகிற மதப் பிரதி இது. தோரா படிக்கக் கிடைத்த நேரத்தை வீணடிப்பதற்கு 'பித்துல் தோரா' என்று தனிப்பெயரே உண்டு. கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின், இடத்தை இழந்த சமூகம் காலத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் 1951இல் வெளியிட்ட 'சபாத்' என்ற சிறுநூல் ஓய்வுநாளைக் காலத்தால் கட்டிய அரண்மனையாகப் பார்க்கிறது. துண்டு நிலம் இல்லாதவனும் அதற்குள் போகலாம். நல்ல உருவகம்தான். ஆனால் அரண்மனை என்றால் அடுப்படியும் இருந்தாக வேண்டுமே?

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குப் பொதுவாக 18 நிமிடம் முன்பே விளக்கேற்றிவிட வேண்டும். அதன்பின் நெருப்பு மூட்டக்கூடாது, மாவு பிசையக்கூடாது. மிஷ்னா 39 வகை வேலைகளை விலக்குகிறது. பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரம் எழுப்பத் தேவைப்பட்ட வேலைகள் இவை என்பது மரபு விளக்கம். பட்டியலைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். விதைப்பது, உழுவது, அறுப்பது என்று ஆரம்பித்து அரைப்பது, சலிப்பது, பிசைவது, சுடுவது வரை முதல் 11 வேலைகளும் ரொட்டியின் கதை. வேலை நிற்கிற அந்த ஒரு நாள் சும்மா வானத்திலிருந்து விழுந்துவிடாது. வியாழனும் வெள்ளியும் யாரோ முதுகொடிய வேலை செய்துதான் அது உண்டாகிறது. அந்த 'யாரோ' பெரும்பாலும் பெண்.

அந்தப் பெண்ணின் நேரத்தைப் பற்றி மிஷ்னாவிலேயே ஒரு விதி இருக்கிறது. குறித்த நேரத்தில் செய்தாக வேண்டிய கட்டளைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு. (பாஸ்கா இரவில் புளிப்பில்லா அப்பம் உண்பது போன்ற சில கட்டளைகள் மட்டும் அவளுக்கும் உண்டு.) ஏன் இந்த விலக்கு? 14ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து டேவிட் அபுதர்ஹாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். அவள் கணவனின் தேவைக்குக் கட்டுப்பட்டவள்; கடவுளின் கட்டளையும் கணவனின் கட்டளையும் ஒரே நேரத்தில் வந்தால் அவள் பாடு திண்டாட்டம்; ஆகவே கடவுள் விட்டுக்கொடுத்துவிட்டார். பெண்கள் இயல்பிலேயே ஆன்மிக ஈடுபாடு மிக்கவர்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை என்று 19ஆம் நூற்றாண்டில் சாம்சன் ரபேல் ஹிர்ஷ் சொன்ன விளக்கத்தைவிட இது எனக்கு மேலாகப் படுகிறது. நேரம் யாருடைய சொத்து என்பதையாவது அபுதர்ஹாம் மறைக்கவில்லை. பெண்கள் எதனால் புண்ணியம் பெறுகிறார்கள் என்று தல்மூத் ஓரிடத்தில் கேட்கிறது. பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதால், படிக்கப்போன கணவன் திரும்பும்வரை காத்திருப்பதால் என்று அதுவே பதிலும் சொல்கிறது. ஆணின் நேரம் படிப்பு, பெண்ணின் நேரம் காத்திருப்பு.

மரபைக் கையளிப்பதிலும் இதே கதைதான். உபாகமத்தில் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் இடத்தில் வருகிற எபிரேயச் சொல்லை 'மகன்கள். மகள்கள் அல்ல' என்று தல்மூத் வாசிக்கிறது. மோசே, யோசுவா, மூப்பர்கள், தீர்க்கதரிசிகள் என்று 'பிர்க்கே அவோத்' அடுக்கும் சங்கிலியில் ஒரு பெண் பெயரும் இல்லை. ஆனால் பாருங்கள், மட்சா என்கிற அந்த அப்பத்துக்கு மாவில் தண்ணீர் பட்டபின் கை ஓய்ந்தால் 18 நிமிடத்தில் புளித்துவிடும் என்பது கணக்கு. உயிர்க்குறி இடாத எபிரேயத்தில் மட்சாக்களுக்கும் கட்டளைகளுக்கும் ஒரே எழுத்துகள். இதை வைத்துப் பழைய மித்ராஷ் ஒன்று, மாவைப்போலவே கட்டளையையும் புளிக்க விடாதே என்கிறது. காலத்தைப் பற்றிய இவ்வளவு கூர்மையான சிந்தனை பிறந்த இடம் மாவுப் பாத்திரம்! சங்கிலியில் அந்தக் கைக்குத்தான் இடமில்லை.

ஹேய்ம் சொலொவெய்ச்சிக் 1994இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவுகிறது. பார்த்துச் செய்து வளர்ந்த மரபு இடப்பெயர்விலும் பேரழிவிலும் அறுந்துபோக, பிற்கால ஆசாரவாதிகள் புத்தகத்தைப் பார்த்து வாழத் தொடங்கினார்கள் என்கிறார். தாயிடமிருந்து மகளுக்குப் போன சமையல்கட்டு நடைமுறைகள் அவர் தரும் முக்கியமான உதாரணம். இதை அதிகாரத்தின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று தெரியும். அம்மாவின் கையளவு செல்லுபடியாகாமல் போய், நூலைப் பார்த்து அளவு சொல்கிற ரபியின் வார்த்தை செல்லுபடியாகிறது. எழுதப்படாத அந்த அதிகாரமும் பெண்ணிடமிருந்து கைமாறிவிட்டது.

அப்படியானால் பெண் புத்தகத்தைப் பிடிப்பது தவிர வழியென்ன? தையல்காரியான சாரா ஷெனிரெர் 1917இல் க்ராக்கோவில் 'பெய்த் யாக்கோவ்' பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். வீட்டு மரபு பலவீனமாகிவிட்டது, இனிப் பெண்ணுக்கும் கற்பிக்கத்தான் வேண்டும் என்று ஹஃபெட்ஸ் ஹயிம் போன்ற பெரியவரே ஒத்துக்கொண்ட காலம் அது. ஆனாலும் அந்தப் பள்ளிகளில் தல்மூத் கிடையாது, வாசல்வரைதான் அனுமதி. 1923இல் வியன்னாவில் ரபி மெயிர் ஷபிரோ முன்வைத்த 'தஃப் யோமி' திட்டப்படி நாளுக்கொரு தாள் வீதம் 2711 தாள்களைப் படித்து முடிக்க ஏழரை வருடம் ஆகும். ஜனவரி 2020இல் அந்தச் சுற்று முடிந்ததைக் கொண்டாட எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடினார்கள். நேரக் கட்டளைகளிலிருந்து விலக்கப்பட்டவர்கள், இருப்பதிலேயே கறாரான நேர ஒழுங்கொன்றைத் தாங்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை வெற்றி என்று சொல்லத் தயக்கமில்லை. ஆனால் ஒரு நாள் தவறினாலும் பின்தங்கிவிடும் இந்த ஒழுங்கு, சமையலை வேறொருவர் பார்த்துக்கொண்ட ஆம்பிளைகளின் நாளை வைத்து அளக்கப்பட்டது. அந்த ஏழரை வருடத்தில் தினம் அந்த நேரத்தை எங்கிருந்து பிடுங்கினாள், அப்போது மாவு பிசைந்தது யார் என்பதைப் பக்க ஓரத்தில் குறித்துவைத்த தல்மூத் பிரதி ஏதேனும் ஒருத்தியிடம் இருந்தால், அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.